விளங்காத எச்சரிக்கை வெற்றொலியே!

மேற்குமலையின் மடியிற் கோதையாற்றை மறித்து நிற்கிறது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் அரசின் காலத்தில், பொறிஞர் மிஞ்சின் என்பாரின் மேற்பார்வையில் எழுந்து, 1906-ஆம் ஆண்டில் நிறைவெய்திய இவ்வணையின் முழுக்கொள்மட்டம் இன்று 48 அடி. மாரி பெருகி நீர்மட்டம் ஏறும் நாள்களில், மறுகால் திறக்கப்படவிருக்கின்றது என்றும், ஆற்றங்கரையில் வாழ்வோர் மேட்டுநிலம் சேர்தல் வேண்டும் என்றும் அறிவிப்புப் போகும். கேட்பவன் பள்ளி வாயிலை மிதியாதவனாயினும் அவ்வறிவிப்பின் பொருளை ஐயமின்றி அறிவான். "நாற்பத்தைந்து அடி" என்னும் சொல் அவன் செவியில் வெறும் எண்ணாக விழுவதில்லை. எந்த வயலில் நீர் ஏறும், எந்தப் பாலம் மூழ்கும், ஆட்டையும் மாட்டையும் எப்பொழுது அவிழ்த்துவிட வேண்டும் என்பனவெல்லாம் அவ்வெண்ணுக்குள் அவனுக்கு அடங்கிக் கிடக்கின்றன. 2021 நவம்பரில் குமரிமாவட்டத்தை வெள்ளம் வளைத்தபோதும் மக்கள் அம்மொழியிலேயே செய்தி கேட்டனர். அம்மொழியிலேயே ஒருவரையொருவர் கூவி எழுப்பினர்.

இனி, அந்நீரின் பின்னே சென்று காண்போர் வேறொரு காட்சியைக் காண்பர். கோதையாறு திருவட்டாற்றுப் பகுதியில் பறளியாற்றோடு கூடி, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டினத்திற் கடலொடு கலக்கின்றது. அம்முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் உண்டு. அதன் மேற்கே இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி எனக் கடற்சிற்றூர்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஆழ்கடலில் நாட்கணக்கிலும் திங்கட்கணக்கிலும் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்திய நாட்டளவிற் பெயர் பெற்றவர் இவ்வூரினர். அவர்தம் படகுகளில் இன்று இடங்காட்டி உண்டு, ஆழமானி உண்டு, வானொலிப்பேசி உண்டு, அண்மையில் வரும் கப்பலைக் காட்டும் கருவியும் உண்டு. நள்ளிரவில் அவற்றுள் ஒன்று திடுமெனக் கூவும். திரையில் மூன்றோ நான்கோ ஆங்கில எழுத்துகள் மின்னி மறையும். உறங்கியவர் எழுவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர், கை பழகிய பொத்தானை ஒருவர் அழுத்துவார். கூவல் அடங்கும். கூவியது எதற்கென்று அறிந்தவர் அப்படகில் ஒருவரும் இரார்.

ஒரே ஆறு; ஒரே மாவட்டம்; ஒரே மொழி பேசும் மக்கள். மலையில் எழும் எச்சரிக்கை விளங்குகின்றது. கடலில் எழும் எச்சரிக்கை விளங்கவில்லை. மலையில் விளங்குதற்குக் கரணியம் அது தமிழில் எழுவதே. கடலில் விளங்காமைக்குக் கரணியம் மீனவரின் அறியாமையன்று. கருவி செய்தவரும் விற்றவரும் வழங்கியவரும் எச்சரிக்கை என்பதன் பொருளையே எண்ணிப் பாராமையாகும்.

எச்சரிக்கை விளங்காமலும் எட்டாமலும் போனால் என்ன நேரும் என்பதை இம்மாவட்டம் திருவள்ளுவர் ஆண்டு 2048-இல், அஃதாவது 2017-இல், கண்ணீரால் கற்றது. அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்குக் கரையையொட்டித் தோன்றிய தாழ்வுமண்டலம், மறுநாட் காலையிலேயே குமரிக்கடலில் ஒக்கிப் புயலாக உருக்கொண்டது. மீனவர் கடலுக்குச் செல்லற்க என்னும் அறிவிப்புக் கரையில் உலவிற்று. ஆயின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடற் படகுகள் பல, அதற்குப் பன்னாள் முன்னரே கடலேறியிருந்தன. கைப்பேசியின் அலை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எட்டுவதன்று. கரையிலிருப்பவனைப் போகாதே என்று தடுக்கும் சொல், கடலிலிருப்பவனை எப்படித் திருப்பும்? மலையடிவாரத்தில் இரப்பர் மரங்களும் வாழைகளும் கணக்கின்றிச் சாய்ந்தன. கடலில் படகுகள் கவிழ்ந்தன. குமரியிலும் கேரளத்திலுமாக மீனவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பலர் உடலும் கரை சேரவில்லை.

அப்பேரிழப்பின் பின்னர்க் கருவிகள் பெருகின. அது நன்றே. ஆனாற் கருவி பெருகியதனாலேயே காவல் பெருகிவிட்டது என்று கருதுவது பேதைமை. கூவுகின்ற கருவி எதைக் கூவுகின்றது என்றறியாதவனுக்கு, நூறு கருவியும் ஒரு கருவியும் ஒன்றே. அன்றியும், பொருளறியாக் கூவல் நாளும் கேட்டுப் பழகிய செவி, பொருளுடைய கூவலையும் ஒருநாள் பொருட்படுத்தாது விடும். எனவே, திடுமென எழும் இக்கூவல்கள் எவையெவை என்று முதற்கண் தெளிதல் வேண்டும். பலவாகத் தோன்றினும் அவை நான்கு வகையுள் அடங்கும்.

முதல்வகை, கருவி தன்னைப்பற்றித் தானே கூறுவது. பன்னிரண்டு வோல்ட்டு மின்கலத்தில் இயங்கும் கருவி, அவ்வழுத்தம் குறைந்தவுடன் கூவும். படகின் பொறியை முடுக்கும் நொடியில் மின்னழுத்தம் சட்டெனத் தாழ்ந்து மீளும். அப்பொழுது எழும் கூவல் இயல்பானது. பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கூவல் மீண்டும் மீண்டும் எழுமாயின், மின்கலம் நலிந்தது, அல்லது மின்னூட்டும் பொறி பழுதுற்றது, அல்லது முனைகளில் உப்புக்களிம்பு ஏறிற்று என்பது பொருள். கடற்காற்றில் கம்பியிணைப்பு அரிப்புண்பது எளிது. முனையைத் துடைத்து இறுக்கினாலே தீரும் பழுதை அறியாது, கருவியே கெட்டதென்று கழற்றி வைப்பவர் பலர். மின்னாற்றல் முற்றும் ஒழிந்தால் இடங்காட்டி மட்டுமன்று, உதவி கேட்கும் வானொலிப்பேசியும் உடன் ஊமையாகும். எனவே இவ்வகைக் கூவல் சிறிதெனினும் முதலிற் கருதத்தக்கது.

இரண்டாம் வகை, வானத்தொடர்பு அறுந்தமை கூறுவது. நிலவுலகிற்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் செயற்கைக்கோள்கள் விடுக்கும் நேரக்குறிகளை வாங்கி, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கணக்கிட்டே இடங்காட்டி தன் இடத்தை அறிகின்றது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறி வேண்டும். நொடியின் பத்திலக்கத்தில் ஒரு கூறு பிழைத்தாலும், இடம் முந்நூறு மீட்டர் பிழைக்கும். அலைவாங்கியின் மேல் வலையோ தார்ப்பாயோ கிடந்தாலும், அதன் கம்பி நைந்தாலும், அருகில் வேறொரு மின்கருவி இரைச்சல் எழுப்பினாலும் குறி அறும். போர் மூளும் நாடுகளின் அருகே வேண்டுமென்றே அக்குறியைக் கெடுப்பதும் உண்டு; 2025 சூன் திங்களில் ஓர்முசு நீரிணையருகே கப்பல்கள் பலவற்றின் இடங்காட்டிகள் இவ்வாறு தடுமாறின. அவ்வளைகுடா நாடுகளின் படகுகளிற் குமரி மீனவரும் கூலிக்கு உழைக்கின்றனர் என்பது நினையத்தக்கது. இவ்வகைக் கூவலில் மறைந்துள்ள பெருங்கேடு ஒன்றுண்டு. குறி அறுந்த பின்னும், பல கருவிகளில் கடைசியாக அறிந்த இடம் திரையிலேயே நிற்கும். படகு நகர்ந்துகொண்டிருக்கும், திரை நகராது. கூவலை அடக்கிவிட்டுத் திரையை நம்புபவன், தான் இல்லாத இடத்தில் இருப்பதாக எண்ணிப் பாரின்மேல் ஏறுவான்.

இவ்வகையிற் சேர்ந்ததே நாள்பிழையும். அச்செயற்கைக்கோள்கள் கிழமைகளை 0 முதல் 1023 வரை எண்ணி, மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 1999 ஆகத்திலும் 2019 ஏப்பிரல் 6-ஆம் நாளிலும் இவ்வாறு எண் திரும்பியது. பழைய கருவிகள் சில அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டு முந்திய நாளைக் காட்டலாயின. கருவி பேய்பிடித்ததன்று, எண்ணிக்கை திரும்பியதை அறியாத பழங்கணக்கு அது. செய்தோர் வழங்கும் திருத்தத்தை ஏற்றினால் தீரும். திருத்தம் இல்லாத கருவியை மாற்றுவதே வழி.

மூன்றாம் வகை, மாந்தன் இட்ட எல்லையைக் கருவி நினைவூட்டுவது. சேரிடம் அண்மிற்று, வழி விலகிற்று, நங்கூரம் இழுபட்டது, ஆழம் குறைந்தது என்னும் இக்கூவல்கள், யாரோ ஒருவர் முன்பு குறித்துவைத்த அளவைப் படகு கடந்தமையால் எழுவன. படகு கைம்மாறி வந்தாலும், ஓட்டுநர் மாறினாலும், முன்னவர் இட்ட எல்லை கருவியிலேயே தங்கியிருக்கும். இன்றைய ஓட்டுநர்க்கு அது எதிர்பாராக் கூவலாகத் தோன்றும். ஆழமானி ஒலியைக் கடலடிக்கு விடுத்து, அது மீளும் காலத்தைக் கொண்டு ஆழம் அளப்பது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். அடர்ந்த மீன்கூட்டமோ, படகின் சுழலியெழுப்பும் நீர்க்குமிழியோ இடையில் நின்று ஒலியைத் திருப்பிவிட்டால், ஆழ்கடலிலும் ஆழம் குறைந்தது என்று கருவி கூவும். அதனைப் பொய்யென்று ஒதுக்குமுன் விரைவைத் தணித்து, அளவு மீண்டும் அதுவேயாக நிற்கின்றதா என்று நோக்குவதே அறிவுடைமை.

நான்காம் வகை, பிறர்பற்றிக் கூறுவது. அண்மையில் வரும் கப்பல் மோதக்கூடும் என்னும் கூவலும், வேறொரு படகு இடருற்றது என்று வானொலிப்பேசி எழுப்பும் கூவலும், கரையிலிருந்து வரும் புயலறிவிப்பும் இதன்பாற்படும். இவற்றை அடக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மீண்டும் உறங்குவது தன்னுயிரையும் பிறருயிரையும் கடலுக்குக் கொடுப்பதாகும். 2018 ஆகத்து 7-ஆம் நாள், கேரளத்து முனம்பம் கடலில், குமரிமாவட்டத்து மீனவர் பலர் இருந்த படகொன்றைக் கப்பல் மோதிச் சிதைத்ததை எவரும் மறந்திரார். குமரிமுனையைச் சுற்றியே கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் வாணிகக் கப்பல்கள் ஓடுகின்றன. கப்பல் காட்டும் கருவி, தன் குறியை விடுக்கும் கலத்தை மட்டுமே அறியும். குறி விடுக்காத கலத்தை அறியாது. ஆதலாற் கூவல் இல்லை என்பதனாற் கப்பல் இல்லை என்று துணிதலும் தவறு. கருவியிருப்பினும் கண்விழித்திருப்பான் ஒருவன் வேண்டும்.

இந்நான்கனுள் எதுவாயினும் செய்யத்தக்க முறை ஒன்றே. முதலில் திரையிலுள்ள சொல்லைப் படித்தல். அடுத்து அதனையும் நேரத்தையும் குறித்தல். பின்னர்த் திசைகாட்டியாலும் ஆழத்தாலும் கண்ணாலும் ஒத்துப்பார்த்தல். அதன்பின்னரே கூவலை அடக்கல். பொத்தான் ஒலியைத்தான் நிறுத்தும், ஏதத்தை நிறுத்தாது. இடர் மெய்யென்று தெளிந்தால் வானொலிப்பேசியின் பதினாறாம் அலைவரிசையில் அழைத்தலும், கைப்பேசி எட்டும் இடமாயின் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணை அழைத்தலும் கடன்.

இம்முறையின் முதற்படியே "திரையிலுள்ள சொல்லைப் படித்தல்" என்பது. அங்குத்தான் தமிழ்மீனவன் தடுக்கப்படுகின்றான். கடலறிவில் அவன் எவர்க்கும் இளைத்தவனல்லன். பேச்சிப்பாறையின் பின்னே நிமிர்ந்து நிற்கும் மேற்குமலை முகடுகளையும், கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும், தென்னந்தோப்பையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்தி, கடலடியிற் கிடக்கும் பார் இருக்கும் இடத்தைப் பிழையாது கண்டவர் அவன் முன்னோர். அக்கலைக்குக் கணியம் என்று பெயரும் இட்டு வழங்கினர். கடலோட்டத்தை நீவாடு என்றனர். காற்றைக் கொண்டல், கோடை, வாடை எனத் திசைக்கொரு பெயரால் அழைத்தனர். இரு குறிகளை நேர்நிறுத்தி இடம் காணும் கணியமும், நான்கு செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் காணும் கருவியும், தெரிந்த இடங்களைக்கொண்டு தெரியாத இடத்தை அறிதல் என்னும் ஒரே கொள்கையின. கணியம் அறிந்தவனுக்கு இடங்காட்டியின் இயல்பைத் தமிழில் உணர்த்த அரை நாழிகை போதும். உணர்த்துவாரில்லாமையே குறை.

செய்யப்பட்டவை சில உண்டு. அவற்றை மறைப்பது அறமன்று. ஐதராபாத்திலுள்ள கடல்சார் செய்திநடுவமாகிய இன்காயிசும் வானூர்தி நிலைய ஆணையமும் கூடி, 2019 அக்தோபரில் வெளிக்கொணர்ந்த செமினி என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியே புயலறிவிப்பை வாங்கி, கைப்பேசித் திரையில் ஒன்பது மாநில மொழிகளிற் காட்ட வல்லது. ஆயினும் அது கேட்கும் செவி மட்டுமே. மறுமொழி கூறும் வாய் அதற்கில்லை. 2010 முதல் வழக்கிலிருந்த இடர்க்குறிக் கருவியின் இரண்டாம் தலைமுறையை இசுரோ உருவாக்கி, 2024 தொடக்கத்தில் அறிவித்தது. மீனவன் விடுத்த இடர்க்குறி கரைக்குக் கிட்டிற்று என்று அவனுக்கே மறுகுறி அனுப்புவதும், எச்சரிக்கையைக் கைப்பேசியில் அவன் தாய்மொழியிற் காட்டுவதும் அதன் சிறப்பு. 2024 ஆகத்து 30-ஆம் நாள், கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஓரிலக்கம் படகுகளுக்கு இருவழிச் செய்திக்கருவி பொருத்தும் திட்டம், ஏறத்தாழ 360 கோடி உருபா மதிப்பில் தொடங்கப்பெற்றது. தாய்மொழியிற் கூறுதல் இயலாது என்று கைவிரித்தவர் வாயை இக்கருவிகள் அடைத்துவிட்டன. இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இயலுமாயின், எஞ்சிய கருவிகளில் ஏன் இல்லை? மேற்கூறிய நால்வகையுள் நான்காவதன் ஒரு பகுதிக்கே தமிழ் கிட்டியிருக்கின்றது. கடைகளில் விற்கும் இடங்காட்டியும் ஆழமானியும் இன்றும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாலேயே கூவுகின்றன. உடன்வரும் கையேடும் ஆங்கிலமே. அரசு நல்கையோடு வாங்கப்பெறும் கருவி எதுவாயினும், அதனோடு தமிழ்க்குறிப்பட்டை ஒன்று இருந்தே தீரல் வேண்டும் என்று ஆணையிடுவது மீன்வளத்துறைக்கு அரிய செயலன்று. நீரில் நனையாத அட்டை ஒன்று. ஒரு பக்கத்திற் கருவி காட்டும் எழுத்து. மறுபக்கத்தில் அதன் பொருளும் செய்யத்தக்கதும். ஓட்டுநரறையில் தொங்கும் அவ்வட்டை ஓருயிரைக் காத்தாலும் அச்சிட்ட செலவு மீண்டதாகும்.

ஆயின், அவ்வட்டையை எழுதுவார் யார் என்பதிலே தமிழன்பர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒரு பிழையும் உண்டு. அறைக்குள் அமர்ந்து, அகரமுதலியைப் புரட்டி, "நிலைக்குறி இழப்பு" என்று ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால் அது தூய தமிழாகலாம், எச்சரிக்கையாகாது. நள்ளிரவில் அலைக்கு நடுவே அதனைப் படிப்பவன் அதனாற் செய்யத்தக்கது யாதென்று அறியான். "வானத்தொடர்பு அறுந்தது, திரையிற் காண்பது பழைய இடம், திசைகாட்டியைப் பார்" என்று எழுதுவதே தமிழ். "ஆழம் குறைகிறது, பார் இருக்கலாம், விரைவைத் தணி" என்று எழுதுவதே தமிழ். ஆங்கிலச்சொல்லை நீக்குவது தமிழ்த்தொண்டின் பாதி. பொருளைச் சேர்ப்பிப்பது மறுபாதி. மறுபாதியை விடுத்த தொண்டு, மதகில்லாத அணைபோல, நீரைத் தேக்கும், வயலுக்கு உதவாது.

ஆகவே தமிழாசிரியரும் தமிழ்ப்பற்றாளரும் கடற்கரைக்குச் செல்லல் வேண்டும். கற்பிக்க மட்டுமன்று, கற்கவும். நீவாடும் பாரும் கணியமும் எந்தப் புலவர் அவையிலும் பிறந்தவையல்ல, உப்புநீரிற் பிறந்தவை. கருவியின் கூவலுக்குத் தமிழ்ப்பெயர் இடவேண்டுமாயின், அதனைக் கேட்டு எழுபவன் வாயிலிருந்தே அப்பெயரைப் பெறல் வேண்டும். கடற்கரைப் பள்ளிகளின் உயர்வகுப்பில் ஒரு பாடமாக இந்நால்வகையையும் கற்பித்தால், கருவியறிந்த மகன் கடலறிந்த தந்தைக்குத் துணையாவான்.

பேச்சிப்பாறையின் மறுகால் திறக்கும்போது ஆற்றங்கரைத் தமிழனை அவன் மொழியில் எழுப்புகின்ற அரசு, அதே ஆறு கலக்கும் கடலில் மிதக்கின்ற தமிழனை அயன்மொழியில் எழுப்புவது முறையன்று. உயிர் காக்கும் சொல் முதலில் உயிர்க்கு விளங்கும் சொல்லாதல் வேண்டும். விளங்காத எச்சரிக்கை வெற்றொலியே. அவ்வொலியைச் சொல்லாக்கும் பணி அரசுக்கும் உரியது. கருவி விற்போர்க்கும் உரியது. தமிழ் வாழ்க என்று முழங்கும் ஒவ்வொருவர்க்கும் உரியது. கடலிற் சென்ற தமிழன் கரை திரும்பினாலன்றோ தமிழும் வாழும்!